பாலம், கப்பல், விளக்குக் கம்பம்: டுலூத் நகரின் தபால் அட்டைகளை எப்படிப் படிப்பது?

அமெரிக்க ஊர்களின் நூறாண்டுப் பழைய தபால் அட்டைகள் இன்று இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. மணிக்கூண்டு வைத்த நீதிமன்றம், டிராம் ஓடும் கடைத்தெரு, ரயில் நிலையம், தொப்பி அணிந்த மனிதர்கள். பார்ப்பவர்கள் "அந்தக் காலத்தில் ஊர் இப்படித்தான் இருந்தது" என்று பகிர்கிறார்கள். உள்ளூர் வரலாற்றுச் சங்கங்கள் இந்த அட்டைகளை வரிசைப்படுத்தி நூல்களே வெளியிடுகின்றன. கடையில் விற்பதற்காக அச்சிட்ட படம் வரலாற்றுச் சான்றாகுமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

ஆகும். ஆனால் எதற்குச் சான்று என்பதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். அதற்கு ஒரே ஊரை எடுத்துப் பார்ப்பது நல்லது. மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் இருக்கும் டுலூத் துறைமுக நகரம் இதற்குப் பொருத்தமானது. அதன் பெருமை, விபத்து, குற்றம் மூன்றுமே அட்டைகளாக விற்பனையாகியிருக்கின்றன.

அட்டை எப்படிப் பிறந்தது

அமெரிக்கப் படத் தபால் அட்டையின் வடிவத்தைத் தீர்மானித்தது கலை ரசனை அன்று, தபால் துறையின் விதிகள்தான். நான்கு ஆண்டுகளை மனத்தில் வைத்தால் போதும்.

1. 1873 மே: அரசே அச்சிட்ட அட்டை விற்பனைக்கு வந்தது. விலை ஒரு சென்ட். அதில் படம் கிடையாது.

2. 1893: சிகாகோ உலகக் கண்காட்சியில் படம் போட்ட அட்டைகள் நினைவுப் பொருளாக விற்றன. ஆயினும் தனியார் அச்சிட்ட அட்டைக்குக் கடிதத்தின் கட்டணமான இரண்டு சென்ட் கட்ட வேண்டியிருந்தது.

3. 1898 மே 19: நாடாளுமன்றச் சட்டம் தனியார் அட்டைக்கும் ஒரு சென்ட் போதும் என்றது. அச்சகங்கள் இந்தத் தொழிலில் இறங்கின. ஆனால் முகவரிப் பக்கத்தில் முகவரியைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது. சொல்ல வேண்டியதைப் படத்தின் ஓரத்து வெள்ளை இடத்தில் நுணுக்கி எழுதினார்கள்.

4. 1907 மார்ச் 1: முகவரிப் பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் செய்தியும் வலப்பக்கம் முகவரியும் எழுத அனுமதி வந்தது. முன்பக்கம் முழுவதும் படத்துக்கே கிடைத்தது.

இதற்கிடையில் 1896-இல் சோதனையாகத் தொடங்கிய கிராமப்புற இலவசத் தபால் விநியோகம் 1902-இல் நிரந்தரமானது. பண்ணை வீட்டு வாசலுக்கே தபால் வந்தது. தொலைபேசி இல்லாத வீடுகளே அதிகம். "வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன்" என்று சொல்ல ஒரு சென்ட் அட்டையைவிட மலிவான வழி இல்லை. 1908 ஜூனுடன் முடிந்த ஓராண்டில் அமெரிக்கத் தபால் துறை 67 கோடியே 77 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகளைக் கையாண்டது. நாட்டின் மக்கள்தொகை அப்போது 9 கோடிகூட இல்லை.

படத்துக்குப் பணம் கொடுத்தது யார்?

ஓர் அட்டையைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஊரின் மருந்துக்கடைக்காரரோ எழுதுபொருள் கடைக்காரரோ ஒரு புகைப்படத்தை அச்சகத்துக்கு அனுப்பி, ஆயிரக்கணக்கில் அட்டை கேட்பார். விற்காத அட்டை அவருக்கு நட்டம். ஆகவே ஊர்க்காரர் பெருமையோடு வாங்கக் கூடியதும், வெளியூர்க்காரர் ஆசையோடு வாங்கக் கூடியதும்தான் அச்சுக்குப் போகும். நீதிமன்றம், நூலகம், ஹோட்டல், பூங்கா, பாலம். ஊர் ஊராக இவையே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இந்த வணிகக் கணக்குதான்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வண்ண அட்டைகளில் பெரும்பகுதி ஜெர்மனியில் அச்சானது. லித்தோ எனும் கல்லச்சு முறையில் ஜெர்மானியருக்கு ஈடு இல்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து போன புகைப்படம் கறுப்பு வெள்ளை. அதற்கு நிறம் கொடுத்தவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. செங்கல் கட்டடம் மஞ்சளானாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை. எனவே வண்ண அட்டையைக் காட்டி "இந்தக் கட்டடத்துக்கு இந்த நிறம் பூசியிருந்தார்கள்" என்று எழுதுவது பெரும் பிழை. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் இடத்தில் இந்தப் பிழை செங்கல்லிலும் சாயத்திலும் நிலைத்துவிடும்.

1909-இல் அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தியது. 1914-இல் போர் மூண்டதும் ஜெர்மன் வரத்து நின்றது. உள்நாட்டு அச்சகங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. அவற்றில் பெரியது, 1898-இல் சிகாகோவில் கர்ட் டைக் தொடங்கிய நிறுவனம். 1978 வரை இயங்கிய அந்த அச்சகத்தின் வேலைக் கோப்புகள் இப்போது சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன. உள்ளூர் வரலாற்றுக்கு அட்டையைவிட அந்தக் கோப்பு பெரிய புதையல் என்பேன். வாடிக்கையாளர் அனுப்பிய மூலப் புகைப்படமும், அதில் எதை மாற்ற வேண்டும் என்ற கட்டளையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. தந்திக் கம்பங்களை எடுத்துவிடு, கம்பிகளை அழித்துவிடு, தெருவில் புதிய கார்களை வரைந்து சேர், வானத்தில் மேகம் போடு என்று கட்டளைகள் இருக்கும். பகலில் எடுத்த படத்தைக் கருநீலமாக்கி, ஜன்னல்களுக்கு மஞ்சள் தீற்றி, மேலே நிலவை வைத்து "இரவுக் காட்சி" என்று விற்பதும் அன்றைய வழக்கம்.

இந்தத் திருத்தங்களைப் பொய் என்று தள்ளிவிடுவது அவசரம். கம்பிகள் இல்லாத தெருவை ஓர் ஊர் விரும்பியது என்பதும் ஒரு செய்திதான். அட்டை உறுதியாகச் சொல்வது, அந்த ஊரின் வணிகர்கள் தங்கள் ஊர் எப்படித் தெரிய வேண்டும் என்று விரும்பினார்கள் என்பதை.

அச்சகத்துக்குப் போகாத அட்டைகள்

இன்னொரு வகை, புகைப்படத் தாளிலேயே நேரடியாக எடுத்த அட்டை. பின்பக்கத்தில் தபால் அட்டைக்குரிய எழுத்துகள் அச்சிட்ட தாள் கடைகளில் கிடைத்தது. 1903-இல் கோடாக் நிறுவனம் அட்டை அளவுக்கே நெகட்டிவ் தரும் மடக்குக் கேமராவை வெளியிட்டது. ஒரு படத்துக்கு ஒரே ஓர் அட்டைகூடப் போதும், நூறும் எடுக்கலாம். ஜெர்மனிக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. தீப்பிடித்த மறுநாளே எரிந்த கடையின் படம் விற்பனைக்கு வந்துவிடும்.

படத்தின் கீழே வெள்ளை எழுத்தில் இருக்கும் தலைப்பு இவ்வகை அட்டையின் அடையாளம். புகைப்படக்காரர் நெகட்டிவின் மேல் மையால், கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி எழுதுவார். கை பழகிய வேகத்தில் ஆங்கில எழுத்து ஒன்றைத் திருப்ப மறந்துவிடுவார். அட்டையில் அந்த ஓர் எழுத்து மட்டும் இடவலம் மாறி நிற்கும். இத்தகைய அட்டையில் அழிப்பும் வண்ணமும் குறைவு. சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த ஊர்களுக்குக் கிடைக்கும் ஒரே காட்சிப் பதிவு பல இடங்களில் இதுதான்.

டுலூத் பாலம் சொல்லும் தேதி

டுலூத்துக்கு வருவோம். துறைமுகத்துக்குக் கப்பல் நுழைய 1871-இல் மினசோட்டா பாயிண்ட் என்ற நீண்ட மணல்திட்டை வெட்டிக் கால்வாய் ஆக்கினார்கள். திட்டில் குடியிருந்தவர்கள் தீவுக்காரர்களாகிப் போனார்கள். கோடையில் படகு, பனிக்காலத்தில் தற்காலிக நடைபாலம் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் தவித்தார்கள். 1905-இல் கட்டிய தொங்கு வண்டிப் பாலம் அதற்குத் தீர்வு. இரு கரைகளிலும் இரும்புக் கோபுரங்கள், அவற்றை உச்சியில் இணைக்கும் இரும்புச் சட்டகம், அதிலிருந்து கீழே தொங்கும் ஒரு வண்டி. மனிதர்களும் குதிரை வண்டிகளும் அதில் ஏறிக்கொள்ள, அது தண்ணீருக்கு மேல் ஊர்ந்து மறுகரை சேரும். கப்பல் வந்தால் வண்டி கரையிலேயே நிற்கும்.

கார்கள் பெருகியதும் வண்டி தாங்கவில்லை. 1929-இல் மாற்றும் வேலை தொடங்கி, 1930-இல் சாலைத்தளமே மேலே தூக்கப்படும் பாலமாக அது மாறியது. டுலூத் அட்டை சேகரிப்பவர்களுக்கு இது பெரிய வசதி. தொங்கு வண்டி தெரிந்தால் படம் 1905-க்கும் 1929-க்கும் இடைப்பட்டது, சாலைத்தளம் தெரிந்தால் 1930-க்குப் பிறகு எடுத்தது. மலைச்சரிவில் ஏறும் விஞ்ச் ரயிலும் இப்படி உதவும். அது 1891-இல் தொடங்கி 1939-இல் நின்றது. அதன் உச்சியிலிருந்த கேளிக்கை மண்டபம் 1901-இல் எரிந்துபோனது. மண்டபத்தோடு இருக்கும் படத்தைப் பிந்தைய தபால் முத்திரையோடு பார்த்தால், கடைக்காரர் பழைய படத்தையே விற்றுக்கொண்டிருந்தார் என்று பொருள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தபால் முத்திரையின் தேதி, அட்டை அனுப்பிய தேதி மட்டுமே. படம் அதற்குப் பத்தாண்டு முந்தையதாகவும் இருக்கலாம். காலம் கணிக்கப் பல தடயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்:

1. பின்பக்கத்தில் நடுக்கோடு இல்லையென்றால் அட்டை பெரும்பாலும் 1907-க்கு முன் அச்சானது.

2. அட்டைக்கான கட்டணம் 1917 நவம்பர் முதல் 1919 ஜூன் வரை போர்க்காலக் கட்டணமாக இரண்டு சென்ட். 1925 முதல் 1928 வரை தனியார் அட்டைக்கு மீண்டும் இரண்டு சென்ட். மற்ற ஆண்டுகளில், 1951 முடியும்வரை, ஒரு சென்ட். தேதி அழிந்த முத்திரையைத் தபால்தலை காப்பாற்றிவிடும்.

3. படத்தைச் சுற்றி வெள்ளைக் கரை இருந்தால் ஏறத்தாழ 1915 முதல் 1930 வரை. துணி நெய்தது போன்ற மேற்பரப்பும் அடர்ந்த வண்ணமும் இருந்தால் 1930-களும் 40-களும். பளபளப்பான வண்ணப் புகைப்படம் அதற்குப் பிறகு பரவியது.

4. கர்ட் டைக் அட்டைகளில் சிறிய எண் ஒன்று இருக்கும். 1930-களுக்கு ஏ, 40-களுக்கு பி, 50-களுக்கு சி என்று எழுத்து வரும். அதற்கு முன்னிருக்கும் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். 5ஏ என்றால் 1935.

5. புகைப்படத் தாள் அட்டையில் தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பார்க்க வேண்டும். அஸோ என்ற தாளில் நான்கு மூலைகளிலும் முக்கோணங்கள் மேல்நோக்கி இருந்தால் 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலும் இரண்டு கீழும் நோக்கினால் அதற்குப் பிந்தியது.

வாய்ப்பிருந்தால் மூலப் படத்தையும் தேட வேண்டும். அட்டைகளை வெளியிட்ட டெட்ராய்ட் பப்ளிஷிங் நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன, டுலூத்தின் பாலமும் இரும்புத்தாது ஏற்றும் துறைகளும் உட்பட. அட்டையில் துடைத்துவிட்ட புகையும் சேறும் அங்கே அப்படியே தெரியும்.

கரையிலிருந்து பார்த்த மரணம்

1905 நவம்பர் 28 அன்று கடும் புயலில் மடாஃபா என்ற தாதுக் கப்பல் டுலூத் கால்வாய்க்குள் நுழைய முயன்றது. கால்வாயோரச் சுவரில் மோதித் திரும்பி, கரைக்கு மிக அருகில் தரைதட்டி உடைந்தது. ஆயிரக்கணக்கானோர் கரையில் நெருப்பு மூட்டி இரவெல்லாம் காத்திருந்தார்கள். அலை எந்த மீட்புப் படகையும் விடவில்லை. கப்பலின் பின்பகுதியில் சிக்கிய ஒன்பது பேர் இறந்தார்கள். முன்பகுதியிலிருந்த பதினைந்து பேர் மறுநாள் மீட்கப்பட்டார்கள்.

உடைந்த கப்பலின் படம் அட்டையாகிப் பரவியது. இதை மனிதாபிமானமற்ற வணிகம் என்று இன்று நினைக்கத் தோன்றும். நாளிதழில் புகைப்படம் மங்கலாகவும் அரிதாகவும் வந்த காலத்தில் அட்டைதான் படச்செய்தி. தொலைவிலிருக்கும் உறவினருக்கு "நாங்கள் பார்த்தது இதைத்தான்" என்று அனுப்ப வேறு வழி கிடையாது. சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கும் 1913-இல் டேட்டன் நகரை மூழ்கடித்த வெள்ளத்துக்கும் எக்கச்சக்கமான அட்டைகள் இருப்பது இதனால்தான். பேரிடர் அட்டைகள் ஊரின் அலங்காரத் தோற்றத்தைக் கிழித்துக்கொண்டு வந்தவை. அவற்றின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

அட்டையில் வராதவர்கள்

டுலூத்தின் மேற்கே, எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்காக 1913 முதல் கட்டிய மார்கன் பார்க் குடியிருப்பு இருக்கிறது. ஒழுங்கான கான்கிரீட் வீடுகள், மரம் வைத்த தெருக்கள். அட்டைக்கென்றே அமைத்தது போன்ற இடம். அதே ஆலையில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களுக்கு அங்கே வீடு கிடையாது. அவர்கள் அடுத்திருந்த கேரி பகுதியில் வாழ்ந்தார்கள். அழகான வீட்டுவரிசையைக் காட்டும் படத்தில் யாருக்கு அங்கே இடமில்லை என்பது தெரியாது. அதை நகரப் பதிவேட்டிலும் மக்கள்தொகைக் கணக்கிலும்தான் தேட வேண்டும். ஓர் ஊரின் வரலாற்றை அட்டைகளை மட்டும் வைத்து எழுதினால், அட்டை வாங்கக் கூடியவர்களின் வரலாறு மட்டுமே மிஞ்சும்.

1920 ஜூன் 15

விசாரணையும் தீர்ப்பும் இல்லாமல் கும்பல் ஒருவரைக் கொல்வதற்கு அமெரிக்காவில் லிஞ்சிங் என்று பெயர். கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தெற்கு மாநிலங்களின் கறுப்பின மக்கள். டுலூத் இருப்பதோ கனடா எல்லைக்கு அருகே, வடக்கில்.

1920 ஜூன் 14 அன்று ஒரு சர்க்கஸ் ஒரு நாள் காட்சிக்காக ஊருக்கு வந்தது. சர்க்கஸில் வேலை செய்த கறுப்பின இளைஞர்கள் ஒரு வெள்ளையினப் பெண்ணை வன்புணர்ந்ததாகப் புகார் எழுந்தது. அவரைப் பரிசோதித்த மருத்துவர் அதற்கான தடயம் எதையும் காணவில்லை. மறுநாள் இரவு சிறையை முற்றுகையிட்ட கூட்டம் 5,000 முதல் 10,000 வரை என்கின்றன மதிப்பீடுகள். அந்த ஆண்டு ஊரின் மக்கள்தொகை 98,917. துப்பாக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று காவலர்களுக்கு உத்தரவு. கும்பல் கதவை உடைத்து நுழைந்து, விசாரணை என்ற பெயரில் ஒரு நாடகம் நடத்தி, எலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெகீ ஆகிய மூவரை ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டும் செகண்ட் அவென்யூ ஈஸ்டும் சந்திக்கும் முனையில் விளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டது.

அதைப் படமெடுத்து அட்டையாக விற்றார்கள்.

அந்த அட்டையில் இருவரின் உடல்கள் கம்பத்தில் தொங்குகின்றன. மூன்றாமவரின் உடல் தரையில் கிடக்கிறது. சுற்றிலும் ஆண்கள் தோளோடு தோள் நெருங்கி, கேமராவை நேராகப் பார்த்து நிற்கிறார்கள். பின்வரிசைக்காரர்கள் தங்கள் முகமும் விழ வேண்டும் என்று கழுத்தை நீட்டுகிறார்கள். யாரும் முகத்தை மறைக்கவில்லை. தண்டனை வராது என்ற நிச்சயம் அந்த முகங்களில் இருக்கிறது. அவர்கள் நினைத்தது பெருமளவு சரியாகவே போனது. கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. கலவரக் குற்றத்துக்காக மூவர் சிறை சென்று, பதினைந்து மாதத்துக்குள் வெளியே வந்தார்கள். வன்புணர்வு வழக்கில் மேக்ஸ் மேசன் என்ற கறுப்பின இளைஞருக்குத் தண்டனை கிடைத்து, நான்கு ஆண்டு சிறையில் கழித்தார்.

ஊர் பல பத்தாண்டுகள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலத்தின் கதை தெரியும், இந்தத் தெருமுனையின் கதை தெரியாது. ஆனால் அட்டை அழியவில்லை. பரண்களிலும் ஆல்பங்களிலும் கிடந்தது, சேகரிப்பாளர்கள் கைக்கு வந்தது. கொலைகாரர்களின் தரப்பு பெருமைக்காக எடுத்த படமே அவர்களுக்கு எதிரான சாட்சியாயிற்று. நடந்ததை மறுக்கவோ, வெளியூர்க்காரர் யாரோ செய்தது என்று சொல்லவோ அந்த முகங்கள் இடம் கொடுக்கவில்லை. பெயரில்லாமல் கிடந்த மூவரின் கல்லறைகளுக்கு 1991-இல் கல் நட்டார்கள். கொலை நடந்த தெருமுனைக்கு எதிரே 2003 அக்டோபரில் மூவரின் வெண்கல உருவங்களுடன் நினைவிடம் திறந்தார்கள். மேக்ஸ் மேசனுக்கு 2020 ஜூனில் மன்னிப்பு வழங்கப்பட்டது. இறந்த ஒருவருக்கு மினசோட்டா மன்னிப்பு அளித்தது அதுவே முதல் முறை.

அட்டையை எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்வி இங்கே மிகவும் கூர்மையாகிறது. இத்தகைய படத்தை மீண்டும் மீண்டும் காட்டுவது, அதை எடுத்தவர்கள் விரும்பியதையே திரும்பச் செய்வதாகிவிடும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. டுலூத் நினைவிடத்தில் மூவரையும் தூக்குக் கயிற்றில் காட்டாமல், உயிரோடு நிற்கும் இளைஞர்களாகவே வடித்திருக்கிறார்கள். அதுவே சரியான வழி என்று கருதுகிறேன். படம் ஆவணக் காப்பகத்தில் சான்றாக இருக்கட்டும். அதைப் பற்றி எழுதுகிறவர், இறந்தவர்களின் பெயரை முதலில் சொல்லட்டும்.

சட்டம் என்ன செய்தது? கொலை, தீவைப்பு ஆகியவற்றைத் தூண்டும் பொருளைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று 1908-லேயே தடை வந்திருந்தது. லிஞ்சிங் அட்டைகளுக்கும் அது பொருந்தும். விற்பனை நிற்கவில்லை. அட்டையை உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்பினால் யார் பார்க்கப் போகிறார்கள்?

1920 கோடையில் டுலூத் பாலத்தில் இன்னும் தொங்கு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் படம் போட்ட அட்டை ஒரு சென்ட் தபால்தலையுடன், வழியிலுள்ள எல்லோரும் பார்க்கத் திறந்தபடி போயிருக்கும். விளக்குக் கம்பத்தின் படம் போட்ட அட்டை உறைக்குள் போக வேண்டும். கடிதக் கட்டணம் இரண்டு சென்ட்.